பழுத்த இரும்பிலிருந்து விண்மீனுக்கு: ஆறாம் வகுப்பில் ஒரு பாடத் தொடக்கம் குறித்த நிகழ்வு ஆய்வு

பழைய வட ஆர்க்காட்டில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், ஒடுகத்தூரை ஒட்டிய ஊர்ப் பகுதியில் உள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் நான் பணியாற்றுகிறேன். ஆறாம் வகுப்பில் விண்மீன்களைப் பற்றிய பாடத்தை எப்படித் தொடங்குவது என்று நான்கு ஆண்டுகளாக மாற்றி மாற்றிச் செய்து பார்த்தவற்றையும், ஒவ்வொரு தொடக்கமும் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். பாடம் முழுவதையும் நான் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. முதல் நாற்பது நிமிடங்களைத்தான் எடுத்துக்கொண்டேன், ஏனெனில் அந்த நேரத்தில் ஒரு பிள்ளையின் மனத்தில் எந்தக் கேள்வி விழுகிறதோ அதுதான் அடுத்த இரண்டு வாரங்களுக்கும் அந்தப் பிள்ளையை நடத்திச் செல்கிறது.

முதல் ஆண்டு

முதல் ஆண்டில் ஸ்மார்ட் வகுப்பறையின் திரையில் ஒரு காணொளியைப் போட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். வண்ண வண்ணமான விண்முகில்களும் சுழலும் விண்மீன் திரள்களும் வந்தன. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள், முடிந்ததும் கைதட்டினார்கள். அதன்பின், "வானத்தில் நீங்கள் பார்த்த ஒரு விண்மீனை வரையுங்கள்" என்று தாள் கொடுத்தேன். ஏறத்தாழ எல்லாத் தாள்களிலும் ஐந்து முனை கொண்ட மஞ்சள் நட்சத்திரமே இருந்தது. 'சூரியன் ஒரு விண்மீன்' என்று புத்தகத்தைப் பார்த்துப் பிழையில்லாமல் எழுதிய அதே பிள்ளைகள், "சூரியன் பெரியதா, விண்மீன் பெரியதா?" என்று கேட்டபோது, தயங்காமல் சூரியன்தான் பெரியது என்றார்கள். திரையில் கண்டது அவர்களுடைய வானத்தைத் தொடவே இல்லை. அது வேறு யாருடைய வானமோ என்பதுபோல் அவர்களைக் கடந்து போய்விட்டது.

அந்தக் காணொளியை நான் குறை சொல்லவில்லை. தொடக்கத்தில் காட்டியதுதான் தவறு. கேள்வியே எழாத மனத்தில் விடை வந்து விழுந்தால் அது தங்குவதில்லை.

பிறந்த நட்சத்திரத்தைக் கேட்ட நாள்

இரண்டாம் ஆண்டில், பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த இடத்திலிருந்து தொடங்கலாம் என்று எண்ணி, "உங்களில் யாருக்குப் பிறந்த நட்சத்திரம் தெரியும்?" என்று கேட்டேன். கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, மகம், சித்திரை, கேட்டை ஆகியவை ஜாதகக் கட்டத்தில் இருக்கும் வெறும் பெயர்கள் அல்ல, அந்தி சாய்ந்தபின் விரலை நீட்டிக் காட்டக்கூடிய ஒளிகள் என்பதை நிறுவுவதே என் நோக்கம். கார்த்திகை ஒரு சிறு விண்மீன் கூட்டம். ரோகிணி, ரிஷபத்தில் உள்ள செம்மஞ்சள் விண்மீன். திருவாதிரை, ஓரியன் என்னும் விண்மீன் கூட்டத்தின் தோளில் இருக்கும் செந்நிற விண்மீன். கேட்டை, விருச்சிகத்தின் நெஞ்சில் சிவந்து நிற்பது. இவ்வளவு நல்ல பாலம் வேறு எந்தப் பாடத்துக்கும் நம் மொழியில் கிடைக்காது என்றுதான் அன்று நம்பினேன்.

நடந்தது வேறு. வகுப்பில் பாதிப் பேருக்கும் மேல் பேசாமல் இருந்தார்கள். இஸ்லாமிய, கிறித்தவ வீட்டுப் பிள்ளைகளுக்கும் மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கும் பிள்ளைகளில் பலருக்கும் அந்தக் கேள்வியில் இடமே இல்லை. அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் நேர்ந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் மகிழ்ச்சியோடு எழுந்து, "மூலம், டீச்சர்" என்றாள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "பெண் மூலம் நிர்மூலம்" என்று வீட்டில் கேட்டதை அப்படியே சொன்னது. அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்த வாரம் முழுவதும் அவள் கை தூக்கவில்லை.

மறுநாள், மூலம் என்பது விருச்சிகத்தின் வால் பகுதி என்பதையும், நம் பால்வீதியின் மையம் அதற்கு அருகில் உள்ள திசையில்தான், ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில் (ஒளியாண்டு என்பது ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தொலைவு) இருக்கிறது என்பதையும், ஜூலை மாத இரவில் தெற்கே நோக்கினால் விண்மீன்கள் மிகவும் நெருக்கமாகத் தெரியும் பகுதி அதுவே என்பதையும் வகுப்புக்குச் சொன்னேன். அவள் முகம் சற்றுத் தெளிந்தது. ஆனாலும் அந்தக் கேள்வியை நான் மறுபடி எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. தமிழ்ப் பெயர்களை விடவில்லை, வானத்தைக் காட்டும்போது அவற்றைத்தான் சொல்கிறேன். ஒரு பிள்ளையைப் பார்த்து 'உன்னுடையது எது' என்று கேட்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

அதே ஆண்டில் எதிர்பாராமல் கிடைத்த நல்ல கேள்வி ஒன்றும் உண்டு. திருமணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் சடங்கைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு சிறுவன், "முகூர்த்தம் காலையிலதானே டீச்சர், பகல்ல எப்படி அருந்ததி தெரியும்?" என்றான். சப்தரிஷி மண்டலத்தின் வால் நடுவில் வசிட்டரும் அருந்ததியும் ஒட்டி நிற்பதையும், கண் கூர்மையாக உள்ளவர்களுக்கு இரண்டும் தனித்தனியாகத் தெரியும் என்பதையும் சொல்ல அது வழிவிட்டது. பகலில் விண்மீன்கள் எங்கும் போய்விடுவதில்லை, அங்கேயேதான் இருக்கின்றன, காற்றில் சிதறும் சூரிய ஒளி அவற்றை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது என்பதை, உச்சி வெயிலில் மைதானத்தின் மறுகோடியில் எரியும் டார்ச்சையும் கதவு சாத்திய அறையில் எரியும் அதே டார்ச்சையும் பார்க்க வைத்துக் காட்டினேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் சிறு செயல்தான், ஆனால் இன்றுவரை அதைக் கைவிடவில்லை.

காவலூர்க் கதை, நல்ல கதை, வேறு பாடத்துக்கு உரியது

எங்கள் பக்கத்தில் வானியலைப் பற்றிப் பேசிவிட்டுக் காவலூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. மலைக்கு மேலே, ஆலங்காயம் வழியாகப் போனால் வரும் அந்த ஊரில் 1960களின் இறுதியிலிருந்து தொலைநோக்கிகள் இயங்குகின்றன. 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியைக் கொண்ட பெரிய தொலைநோக்கி 1986ஆம் ஆண்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆய்வகமும் அந்தத் தொலைநோக்கியும் வானியலர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் தொலைவில் உள்ள ஒரு விண்மீனைக் கடந்து சென்றபோது, கோள் அதை மறைப்பதற்கு முன்பும் மறைத்து விலகிய பின்பும் அந்த விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மங்கித் தெளிந்தது. விமானத்தில் பறந்தபடி நோக்கிய அமெரிக்க அறிவியலர்களின் கருவியிலும் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் அந்த மங்கல் பதிவானது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது.

மூன்றாம் ஆண்டில் இதையே தொடக்கமாக்கினேன். இருட்டிய வகுப்பறையில் சிறு டார்ச்சுக்குக் குறுக்கே, கம்பி வளையங்கள் கட்டிய ஒரு பந்தை மெதுவாக நகர்த்தி, ஒளி எத்தனை முறை சிமிட்டியது என்று எண்ணச் சொன்னேன். நம் மலை மேலேயே இது பதிவானது என்று சொன்னபோது பிள்ளைகளின் முதுகு நிமிர்ந்ததைக் கண்ணால் கண்டேன். ஆனால் அன்று எழுந்த கேள்விகள் அனைத்தும் கோளைப் பற்றியவை, வளையத்தைப் பற்றியவை. விண்மீன் அந்தக் கதையில் ஒரு விளக்காக மட்டுமே நின்றது. அது எதனால் ஒளிர்கிறது, எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே அந்தத் தொடக்கத்தைக் கோள்கள் பாடத்துக்கு மாற்றிவிட்டேன். அங்கே அது மிக நன்றாகப் பொருந்துகிறது. ஒரு தொடக்கம் பிள்ளைகளைக் கவர்ந்தால் மட்டும் போதாது, எந்தப் பாடத்துக்குக் கவர்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

உலைக்கு முன்னால்

நான்காம் ஆண்டில் செய்ததே இந்த ஆய்வின் மையம்.

வகுப்பில் கரும்பலகையில் மூன்று வட்டங்கள் வரைந்து, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வண்ணம் தீட்டி, "இவை மூன்று விண்மீன்கள். இவற்றில் எது அதிகச் சூடு?" என்று மட்டும் கேட்டேன். மூன்று பேரைத் தவிர எல்லோரும் சிவப்பு என்றார்கள். காரணமும் அவர்களிடம் இருந்தது. குடிநீர் இயந்திரத்தில் சுடுதண்ணீர்க் குழாய் சிவப்பு, குளிர்ந்த நீர்க் குழாய் நீலம். மிளகாய் சிவப்பு, தணல் சிவப்பு, காய்ச்சல் வந்தால் கண் சிவப்பு. நான் சரியென்றும் சொல்லவில்லை, தவறென்றும் சொல்லவில்லை. அவரவர் பெயரை அவரவர் தேர்ந்த வட்டத்தின் கீழ் எழுதச் சொல்லிவிட்டு, அடுத்த நாள் காலையில் பெற்றோர் ஒப்புதலோடு, எட்டு எட்டுப் பேராக, ஊர் எல்லையில் இருக்கும் கொல்லுப்பட்டறைக்கு அழைத்துச் சென்றேன்.

அங்கே ஆசாரி பெரியவர் கடப்பாரை முனை தட்டிக்கொண்டிருந்தார். உலையிலிருந்து பத்தடி தள்ளிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதற்கு இப்பால் பிள்ளைகளை நிறுத்தினேன். துருத்திக்குப் பதிலாக இப்போது கையால் சுற்றும் காற்றாடிதான் இருக்கிறது. அவர் இரும்பைக் கரிக்குள் செருகி, காற்றைக் கூட்டினார். முதலில் முனையில் மங்கிய சிவப்பு தெரிந்தது. ஒரு பையன், "சூடாயிடுச்சு!" என்றான். பெரியவர் திரும்பிப் பார்த்து, "இது எங்கப்பா சூடு? இன்னும் காயணும். இந்தச் செவப்புல அடிச்சா சம்மட்டிதான் எகிறும்" என்றார். சிவப்பு செம்மஞ்சளாயிற்று, செம்மஞ்சள் மஞ்சளாயிற்று. கடைசியில் கண் கூசும் வெளிர் மஞ்சளில் அவர் குறட்டால் இரும்பை இழுத்துப் பட்டடையில் வைத்து, "இப்பத்தான் பழுத்துது" என்று சொல்லி அடிக்கத் தொடங்கினார். பொறி பறந்தது. கோட்டுக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் தன் தோழியிடம், "நாம எழுதினது தப்புடி" என்று மெல்லச் சொன்னதை நான் கேட்டேன். அந்த நான்கு ஆண்டுகளில், ஒரு பிள்ளை தன் விடையைத் தானே திருத்திக்கொண்டதை நான் காதால் கேட்டது அந்த ஒரு முறைதான்.

வகுப்புக்குத் திரும்பியபின் பலகையில் இருந்த வட்டங்களிலிருந்து தங்கள் பெயர்களைப் பிள்ளைகளே அழித்து மாற்றி எழுதினார்கள். மஞ்சளுக்கு மாறியவர்கள் பலர். "இரும்பு மஞ்சளுக்கு மேலே போனால் என்ன நிறமாகும்?" என்று கேட்டேன். வெள்ளை என்றார்கள். "அதற்கும் மேலே?" ஒருவரும் பேசவில்லை. இரும்பு 1,538 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அதற்கு மேல் பட்டறை நமக்கு உதவாது, அங்கிருந்து விண்மீன்தான் நம்மை அழைத்துப் போக வேண்டும் என்று சொல்லி, அன்று பாடத்தை அவ்வளவில் நிறுத்தினேன். சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி, சிவந்த திருவாதிரையினுடையது ஏறத்தாழ 3,300 டிகிரி, ஓரியனின் காலடியில் நீல வெண்மையாக ஒளிரும் ரைகலினுடையது 11,000 டிகிரிக்கும் மேல் என்ற செய்திகளை மறுநாள் வகுப்பில்தான் கொடுத்தேன். அந்த இடைவெளியில் இரண்டு பிள்ளைகள் தாங்களாகவே நூலகப் புத்தகத்தில் தேடி, நீலம்தான் என்ற விடையோடு வந்திருந்தார்கள்.

எரிவாயு அடுப்பும் ஒரு சக ஆசிரியரின் கேள்வியும்

இதைப் படித்துச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பட்டறை அருகில் இல்லாத இடத்தில், 'எரிவாயு அடுப்பின் நீலச் சுடர் மஞ்சள் சுடரைவிடச் சூடு அல்லவா, விண்மீனும் அப்படித்தான்' என்று சொல்லிவிடத் தோன்றும். நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அது பொருந்தாத ஒப்புமை. அடுப்புச் சுடரின் நீலம் வெப்பத்தின் அளவினால் வரும் நீலம் அன்று. எரியும் வாயுவில் தோன்றி மறையும் சில மூலக்கூறுகள் தமக்கே உரிய நிறத்தில் வெளியிடும் ஒளி அது. தீபாவளி மத்தாப்பில் உப்புக்கு ஏற்பப் பச்சையும் சிவப்பும் வருவதைப் போன்றது என்று கொள்ளலாம். விண்மீனின் நிறமோ பழுத்த இரும்பின் நிறத்தைப் போல முதன்மையாக வெப்பநிலையால் அமைவது. பட்டறை இல்லாதவர்கள் பழைய இழை பல்பு ஒன்றையும் மின்விசிறி ரெகுலேட்டர் ஒன்றையும், மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு, இணைத்துக்கொள்ளலாம். ரெகுலேட்டரைத் திருகத் திருக இழை மங்கிய சிவப்பிலிருந்து மஞ்சளாகி வெளுப்பதைப் பிள்ளைகள் மேசையிலேயே காணலாம்.

இரண்டாவது, சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் நான் இதைப் பகிர்ந்தபோது ஒரு கணித ஆசிரியர் எழுப்பிய கேள்வி. "1,300 டிகிரியில் இரும்பு வெள்ளையாகத் தெரிகிறது என்கிறீர்கள். 3,300 டிகிரியில் உள்ள திருவாதிரை மட்டும் எப்படிச் சிவப்பாகத் தெரியும்?" அன்று என்னால் விடை சொல்ல முடியவில்லை. பிறகு படித்துத் தெளிந்துகொண்டது இது: இருண்ட பட்டறையில் கண்ணைக் கூச வைக்கும் இரும்பை நம் கண் வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அந்த ஒளியில் சிவப்பின் பங்கு திருவாதிரையின் ஒளியில் இருப்பதைவிட மிகுதி. அந்த இரும்பைச் சிறு புள்ளியாக்கி ரைகலுக்குப் பக்கத்தில் வானத்தில் வைக்க முடிந்தால், அது திருவாதிரையைவிடச் சிவந்தே தெரியும். ஆகவே உலையிலிருந்து விண்மீனுக்கு எடுத்துச் செல்ல வேண்டியது வெப்பத்தின் எண்களை அல்ல, நிறங்களின் வரிசையை மட்டுமே. அதன்பின் இரும்பின் வெப்பநிலை எண்களை வகுப்பில் விண்மீன் எண்களோடு ஒரே அட்டவணையில் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

தொலைவு

தொலைவுக்கு நான் வைத்துக்கொண்டது ஒரு மிளகு. சூரியனை 5 மில்லிமீட்டர் மிளகாகச் சுருக்கினால் பூமி அதிலிருந்து அரை மீட்டருக்குச் சற்று அப்பால் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத தூசு. அடுத்த விண்மீனான பிராக்ஸிமா சென்டாரி 4.24 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அதே அளவில் சுருக்கினால், வேலூர்க் கோட்டை வாசலில் மிளகை வைத்துவிட்டுப் பேருந்து ஏறி, வாலாஜா, காவேரிப்பாக்கம் எல்லாம் கடந்து சென்னையில் இறங்கி, அங்கே ஒரு கசகசாவை வைக்க வேண்டும். இடையில் வேறொரு சூரியன் இல்லை. சென்னைக்குப் போய்வந்த பிள்ளைகள் இதைக் கேட்டதும் அமைதியாகிவிடுகிறார்கள்.

ஒளியாண்டு என்பதைக் காலம் என்று கொள்ளும் குழப்பம் எல்லா வகுப்பிலும் வருகிறது. அதற்குப் பிறந்த நட்சத்திரக் கேள்வியின் இடத்தில், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான வேறொன்றை, அவரவர் வயதை, வைத்தேன். பாடம் நடக்கும் மாதங்களில் எங்கள் பக்கம் மாலை மழையும் மேகமும் மிகுதி என்பதால், ஜனவரி இறுதியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பெற்றோரோடு பள்ளி மைதானத்துக்கு வரச் சொன்னேன். சிரியஸ் என்னும் விண்மீனின் ஒளி 8.6 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது, ஆகவே ஏறத்தாழ அந்த வயதில் மூன்றாம் வகுப்பில் படிக்கும் தம்பிக்கு உரியது. புரோசியானின் ஒளி ஏறத்தாழ 11½ ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது, அது ஆறாம் வகுப்புக்கே உரியது. புனர்பூசத்தின் இரு விண்மீன்களில் பிரகாசமான போலக்ஸ் 34 ஒளியாண்டு, பல அம்மாக்களின் வயது. ரோகிணி ஏறத்தாழ 65 ஒளியாண்டு, பாட்டிகளின் வயது. "நீ பிறந்த அன்று அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம் இப்போதுதான் உன் கண்ணுக்குள் வந்து சேர்கிறது" என்றபோது, எந்த வீட்டுப் பிள்ளையும் வெளியே நிற்கவில்லை. மூலம் என்று சொல்லி உட்கார்ந்துவிட்ட அந்தப் பெண் அப்போது எட்டாம் வகுப்பு. அன்றிரவு சின்னப் பிள்ளைகளுக்குப் புரோசியானைக் காட்டிக்கொடுத்தவள் அவளே. ஒரு பாட்டி ரோகிணியை அண்ணாந்து பார்த்தபடி வெகு நேரம் நின்றிருந்தார். அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

இன்னும் ஒரு பிழை

அன்றிரவு திருவாதிரையைக் காட்டி, "இது ஏன் சிவப்பு?" என்று கேட்டேன். ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் உடனே, "அது இன்னும் பழுக்கல டீச்சர்" என்றான். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். நிறமும் வெப்பமும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது அவர்களுக்கு நன்றாகவே பதிந்திருந்தது. ஆனால் உலையில் கண்ட வரிசை, அவர்களையும் அறியாமல், காலத்தின் வரிசையாக மாறிவிட்டிருந்தது. சிவந்த விண்மீன் இனிமேல் காய்ந்து மஞ்சளாகும், பிறகு நீலமாகும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். திருவாதிரையின் நிலை அதுவன்று. அது தன் வாழ்நாளின் பிற்பகுதியில் இருக்கும் விண்மீன். உள்ளே வெப்பம் மிகுந்திருக்க, உடல் பெருமளவு ஊதிப்பெருத்ததால் மேற்பரப்பு மட்டும் குளிர்ந்து சிவந்திருக்கிறது. இந்தப் பிழையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது என்னுடைய தொடக்கமே.

ஆகவே இந்த ஆண்டு பட்டறையில், பெரியவர் அடித்து முடித்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்பவில்லை. இரும்பைத் தண்ணீரில் தோய்க்காமல் பட்டடை மேல் அப்படியே விட்டுவைக்கும்படி அவரிடம் கேட்டுக்கொண்டேன். மஞ்சள் செம்மஞ்சளாகி, செம்மஞ்சள் சிவந்து, சிவப்பு கறுத்து அடங்கும்வரை சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் எல்லோரும் நின்று பார்த்தோம். பிறகு மங்கிய சிவப்பில் இருக்கும் இரண்டு இரும்புத் துண்டுகளை, உலைக்குப் போகும் வழியில் ஒன்றும் உலையிலிருந்து வந்து ஆறும் ஒன்றுமாக, அவர் அருகருகே காட்டினார். "இதுல எது காயுது, எது ஆறுது, பார்த்துச் சொல்லுங்க" என்றார். நிறத்தை மட்டும் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியோடுதான் வகுப்புக்குத் திரும்பியிருக்கிறோம்.